காடு, நிலம், நீர் குறித்த முடிவுகளில் உங்கள் குரல் சேர்வது எப்படி: சிங்கப்பூர்க் குடியிருப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

நம் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருக்கும் காட்டைச் சுற்றித் தகரத் தடுப்பு எழும்பிய பிறகுதான் நம்மில் பலர் அந்தக் காட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும். மண்வாரி இயந்திரங்கள் வரும் தேதியும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நிலத்தில் வீடு வரப்போகிறது என்பது பல நேரங்களில் பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வரைபடத்தில் வண்ணமிட்டுச் சொல்லப்பட்ட செய்தி. ஆகவே, காட்டையும் நீரோடையையும் காக்க விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது அந்த வரைபடத்தைப் படிப்பதும், முடிவு இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போதே சான்றுடன் பேசுவதும் ஆகும். இதற்குச் சூழலியலில் பட்டம் தேவையில்லை. பொறுமையும் வாசிக்கும் பழக்கமும் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். சிங்கப்பூரின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். வீடு, சாலை, துறைமுகம், விமான நிலையம், இராணுவப் பயிற்சி, நீர்த்தேக்கம் ஆகிய எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். ஆதியிலிருந்து வெட்டப்படாமல் நிற்கும் மழைக்காடு இந்தப் பரப்பில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு துண்டுக் காட்டுக்காக நாம் வாதாடும்போது, அதே நிலத்தில் வரவிருக்கும் வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதியும் நம் அண்டை வீட்டாராகவே இருக்கக்கூடும். அவர்களுடைய தேவையை மறுக்காமல் எழுதப்படும் கருத்தே அதிகாரிகளிடம் மதிப்புப் பெறுகிறது.

நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது

புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கு இயற்கை வனப்பகுதிகளும் பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. தேசியப் பூங்காக் கழகம் அவற்றை நிர்வகிக்கிறது. ஆனால் நாம் அன்றாடம் காடு என்று சொல்லும் இடங்களில் பல, சட்டத்தின் பார்வையில் காலியாக இருக்கும் அரசு நிலங்களே. ஒரு காலத்தில் கம்பமும் (கிராமக் குடியிருப்பு) ரப்பர் தோட்டமும் இருந்து, மக்கள் வெளியேறிய பின் அல்பீசியா மரங்கள் தாமாக முளைத்து வளர்ந்த இரண்டாம்நிலைக் காடுகள் அவை. கிளமெண்டி காடும் டோவர் காடும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் அழுங்கும் (எறும்புத்தின்னி) இருவாச்சிப் பறவையும் வாழ்ந்தாலும், அந்த வாழ்வு மட்டுமே நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பைத் தந்துவிடாது.

எனவே முதல் வேலை, நீங்கள் கவலைப்படும் இடம் எந்த வகை என்று உறுதிசெய்வது. சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் இணைய வரைபடத்தில் நில உரிமை விவரத்தைத் தேடிப் பார்க்கலாம். ஒற்றை மரத்தைப் பற்றிய கவலை என்றால் வழி வேறு. சாலையோர மரம் பூங்காக் கழகத்தையும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் நகர மன்றத்தையும் சேர்ந்தது. காலி நிலத்திலோ மரப் பாதுகாப்பு வட்டாரத்திலோ ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்டுவதற்கு, அது தனியார் நிலமாக இருந்தாலும், பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

பெருந்திட்டத்தைப் படிக்கும் முறை

நகர மறுசீரமைப்பு ஆணையம் வெளியிடும் பெருந்திட்டம், அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒவ்வொரு துண்டு நிலமும் எதற்குப் பயன்படலாம் என்று கூறும் சட்டபூர்வ ஆவணம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மறுஆய்வு செய்யப்படுகிறது. அதற்கும் மேலே, 50 ஆண்டுகளையும் அதற்கு அப்பாலும் நோக்கும் நீண்டகாலத் திட்டம் ஒன்று உண்டு. ஆணையத்தின் இணைய வரைபடத்தில் உங்கள் வட்டாரத்தைத் தேடி, நிலத்தின்மேல் அழுத்தினால் அது எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்றும், குடியிருப்பு நிலமாக இருந்தால் எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்றும் காட்டும்.

இதில் மூன்று விவரங்களைக் கவனித்துப் பாருங்கள். முதலாவது, பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. பூங்கா, திறந்தவெளி, வேளாண்மை என ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. வண்ணக் குறிப்பைத் திறந்து ஒப்பிடாமல் முடிவுக்கு வரக்கூடாது. இரண்டாவது, ‘ஒதுக்கு நிலம்’ என்ற வகை. அதன் பயன்பாடு இன்னும் முடிவாகவில்லை என்பதே பொருள். கருத்துச் சொல்வதற்கு மிக ஏற்ற நிலம் இதுதான் என்பது என் எண்ணம். மூன்றாவது, பழைய பெருந்திட்டங்களோடு ஒப்பிடுவது. கிளமெண்டி காடு ஏறத்தாழ 85 ஹெக்டர். அதைக் காக்கக் கோரி 2020ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் குரல் எழுப்பினர். ஆனால் அந்த நிலம் 1998ஆம் ஆண்டிலேயே குடியிருப்புக்கென வகைப்படுத்தப்பட்டுவிட்டது. இடையில் கடந்துபோன ஒவ்வொரு மறுஆய்வும் பேசுவதற்குக் கிடைத்திருந்த ஒரு வாய்ப்பு.

மறுஆய்வின்போது வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, எழுத்துபூர்வமான கருத்துகளும் ஆட்சேபங்களும் பெறப்படுகின்றன. அண்மைய வரைவு 2025 ஜூன் 25 அன்று வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே பல மாதங்கள் கலந்துரையாடல்களும் கண்காட்சிகளும் நடைபெற்றன. வரைவு வந்த பிறகு எழுதுவதைவிட அந்தக் கலந்துரையாடல்களில் கலந்துகொள்வது பயன் மிக்கது, ஏனென்றால் அப்போது திட்டமிடுவோர் கையில் இருப்பது கேள்விகளே. வரைவு வந்துவிட்டால் தாங்கள் எடுத்த முடிவை அவர்கள் நியாயப்படுத்தும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

சான்று சேர்ப்பது

சிங்கப்பூரில் வென்ற வாதங்களைப் பார்த்தால், அவை எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ பொறுமையாகச் சேர்த்த பதிவுகள் இருக்கின்றன. சுங்கை பூலோ ஒரு காலத்தில் இறால் குட்டைகள் இருந்த சதுப்பு நிலம். 1986ஆம் ஆண்டு வாக்கில் பறவை நோக்குவோர் சிலர் அங்கு வலசைப் பறவைகள் வந்து தங்குவதைக் கண்டு, பதிவு செய்து, அரசாங்கத்திடம் ஒரு பரிந்துரையாக அளித்தார்கள். 1989இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது, 1993இல் திறக்கப்பட்டது, 2002இல் 130 ஹெக்டர் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. 1992இல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிக் குழிப்பந்து (கோல்ஃப்) திடல் அமைக்கும் யோசனை எழுந்தபோது, சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தினர் தாங்களே ஒரு சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைத் தயாரித்தார்கள், சுமார் 17,000 பேர் கையெழுத்திட்டார்கள், திட்டம் கைவிடப்பட்டது. கையெழுத்துகளின் எண்ணிக்கையே பெரிதாக நினைவுகூரப்படுகிறது. அந்த மதிப்பீடும் உடன் சென்றதை நாம் மறந்துவிடக்கூடாது.

உங்கள் வட்டாரத்தில் பதிவு செய்யும்போது ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், வானிலை, துல்லியமான இடம், என்ன பார்த்தீர்கள், எத்தனை பார்த்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். கைப்பேசிப் படம் தெளிவில்லாமல் இருந்தாலும் சேர்த்து வையுங்கள். பறவைக்குப் படத்தைவிட ஒலிப்பதிவு சில சமயம் வலுவான சான்று. உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் பதிவேற்றினால் பிறர் உயிரினத்தை அடையாளம் காண உதவுவார்கள், பதிவும் ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் படும். அரிய உயிரினங்களின் சரியான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதைத் தவிர்க்க வேண்டும். வைக்கோல் நிறத் தலை கொண்ட புல்புல் பறவை தன் பாட்டுக்காகவே பிடிக்கப்பட்டு, இந்த வட்டாரத்தின் பல நாடுகளில் அருகிப்போனது. உலகில் அதற்கு எஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடங்களில் சிங்கப்பூரும் ஒன்று.

பதிவுக்காகத் தடைப் பலகை உள்ள நிலத்துக்குள் நுழைய வேண்டாம். வனப்பகுதிகளில் நடைபாதையை விட்டு விலகுவதும் குற்றம். வேலிக்கு வெளியிலிருந்தும் மேம்பாலத்தின் மேலிருந்தும் ஆண்டு முழுவதும் எடுத்த பதிவே போதிய வலிமை உடையது.

முதியவர்களின் நினைவு இன்னொரு வகைச் சான்று. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பிலும் தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் வளர்ந்த தமிழர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். எந்த மேட்டுக்குப் பின்னால் ஓடை இருந்தது, எந்தக் கிணறு வற்றாது, மழைக்காலத்தில் வெள்ளம் எங்கே தேங்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். அறிக்கைகளும் கருத்துப் படிவங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் அவர்களுடைய அறிவு திட்டமிடுவோரைச் சென்றடைவதில்லை. தாத்தா பாட்டி சொல்வதைப் பேரப்பிள்ளை கேட்டு, பழைய நிலப்படத்தில் குறித்து, கருத்துடன் இணைத்து அனுப்பலாம்.

பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையில் என்ன பார்க்க வேண்டும்

சிங்கப்பூரில் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கென்று தனிச் சட்டம் இல்லை. வனப்பகுதி, இயற்கைப் பகுதி, கடலோரம், உயிரினப் பல்வகைமை மிகுந்த பிற இடங்கள் ஆகியவற்றுக்கு அருகில் வரும் திட்டங்களை ஆணையங்கள் கலந்தாலோசித்து, ஆய்வு தேவையா என்று முடிவு செய்கின்றன. 2020 அக்டோபரில் இந்த நடைமுறை வலுப்படுத்தப்பட்டது. பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழிய அறிக்கைகள் இணையத்தில் வெளியிடப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. கருத்துச் சொல்லச் சில வாரங்களே கிடைக்கும், அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கும். ஆகவே முழுவதையும் படிக்க முயலாமல், வேண்டிய இடங்களுக்கு நேரே செல்லுங்கள்.

முதலில் கள ஆய்வு எந்த மாதங்களில், எத்தனை நாள், இரவிலும் நடந்ததா என்று பாருங்கள். வலசைப் பறவைகள் ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கு இருப்பவை. மே முதல் ஜூலை வரை மட்டும் ஆய்வு நடந்திருந்தால் அவை பதிவாகியிருக்க வழியில்லை. அழுங்கு இரவில் நடமாடுவது. அதைத் தேடத் தானியங்கிக் கேமராக்கள் எத்தனை, எங்கே வைக்கப்பட்டன என்ற அட்டவணை அறிக்கையில் இருக்கும். அடுத்து, ஓடைகளும் ஈரநிலமும் காட்டும் வரைபடத்தை உங்கள் சொந்தப் பதிவோடு ஒப்பிடுங்கள். பின்னர், மாற்று இடங்களும் மாற்று வடிவமைப்பும் உண்மையாகவே எடைபோடப்பட்டனவா என்று தேடுங்கள். ஒரே பத்தியில் அது முடிந்துவிட்டிருந்தால் அதையே கேள்வியாக எழுப்பலாம். இறுதியாக, பாதிப்பின் அளவு தணிப்பு நடவடிக்கைக்கு முன் ‘பெரியது’ என்றும் பின் ‘சிறியது’ என்றும் மாறும் அட்டவணைக்கு வாருங்கள். அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கும் நடவடிக்கை எது, அதை யார் செய்வார், செய்யாவிட்டால் யார் கண்டுபிடிப்பார் என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டும். அறிக்கையின் உயிர் இந்த அட்டவணையில்தான் இருக்கிறது என்பதால், நேரம் குறைவாக உள்ளவர்கள் இதை மட்டுமாவது படித்துவிட வேண்டும்.

இப்படிப்பட்ட வாசிப்பு திட்டங்களின் வடிவத்தை மாற்றியிருக்கிறது. குறுக்குத் தீவு ரயில் பாதை 2013இல் அறிவிக்கப்பட்டபோது, மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் அடியில் அது செல்லும் என்பது பெரும் கவலையை எழுப்பியது. இயற்கைக் குழுக்களும் நிலப் போக்குவரத்து ஆணையமும் பல ஆண்டுகள் பேசின. மண் ஆய்வுக்காக வனத்துக்குள் போடத் திட்டமிட்டிருந்த துளைகள் 72இலிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டன. 2019 டிசம்பரில், வனத்தைச் சுற்றிச் செல்லும் பாதைக்குப் பதிலாக, ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் நேராகச் செல்லும் பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. இயற்கை ஆர்வலர்கள் பலர் விரும்பிய முடிவு அதுவன்று. ஆயினும், அந்தப் பேச்சுகள் நடந்திராவிட்டால் காட்டின் மேற்பரப்பு பட்டிருக்கக்கூடிய காயம் மிக அதிகமாக இருந்திருக்கும்.

கருத்தை எழுதுவது

ஒரு கருத்து, ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யார், அந்த இடத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அறிக்கையின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு விஷயத்துக்கு வாருங்கள். அதிகாரி ஒருவர் செயல்படுத்தக்கூடிய ஒரு கோரிக்கையோடு முடியுங்கள். ‘காட்டை அழிக்காதீர்கள்’ என்ற வேண்டுகோளுக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான் உண்டு. இப்படி எழுதினால் பதில் சொல்லப் பல வழிகள் பிறக்கும்:

‘நிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஓடையை ஒட்டி, பிப்ரவரி முதல் மே வரை காலை 7 மணி அளவில் புல்புல் பறவை இணையைப் பலமுறை பார்த்திருக்கிறேன், படங்களும் ஒலிப்பதிவும் இணைத்துள்ளேன். அறிக்கையின் நீர்நிலை வரைபடத்தில் அந்த ஓடை இடம்பெறவில்லை. ஓடையின் இரு கரைகளிலும் மரங்களை விட்டுவைத்து, நுழைவுச் சாலையைத் தெற்குப் பக்கம் மாற்றி அமைக்க இயலுமா என்று ஆராயும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

அதே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேர் தாம் பார்த்ததைத் தம் சொற்களில் எழுதுவது நல்லது. 33 ஹெக்டர் பரப்புள்ள டோவர் காட்டின் அடிப்படை ஆய்வு வெளியானபோது, கருத்துச் சொல்லும் காலம் 2021 பிப்ரவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. உயிரின வளம் மிகுந்த மேற்குப் பாதியை இப்போதைக்கு விட்டுவைத்து, கிழக்குப் பாதியில் வீடு கட்டுவது என்று அவ்வாண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்டது. எந்தப் பாதி வளமானது என்று அறிய வழிசெய்தது அந்த ஆய்வே.

இந்தியாவில் 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. அப்படி ஒரு சட்டம் சிங்கப்பூரில் இல்லை. ஆகவே வெளியிடப்படாத விவரத்தைப் பெற, நாடாளுமன்ற உறுப்பினரே முக்கிய வழி. மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் சென்று, ஒரு குறிப்பிட்ட கேள்வியை எழுதிக் கொடுத்து, அதை நாடாளுமன்றத்தில் எழுப்ப முடியுமா என்று கேளுங்கள். அமைச்சர் தரும் பதில் நாடாளுமன்றப் பதிவேட்டில் நிலைத்து நிற்பதால், பின்னாளில் அதை மேற்கோள் காட்டலாம். இணைய மனுக்கள் கவனத்தை ஈர்க்க உதவும். முறையான நாடாளுமன்ற மனுவை உறுப்பினர் ஒருவர் வழியாகவே சமர்ப்பிக்க முடியும். ஒரு கோரிக்கைக்காகப் பொது இடத்தில் கூடுவதற்குக் காவல்துறை உரிமம் தேவை என்பதையும் மறவாதீர்கள்.

நீர்: வாசலுக்கு முன்னாலேயே இருக்கும் பொறுப்பு

மெக்ரிட்ச்சி, அப்பர் பியர்ஸ், லோவர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காடு இன்றுவரை நிற்பதற்குப் பெருங்காரணம் நீர். குடிநீர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அங்கு மரம் வெட்டுவதும் குடியேறுவதும் தடுக்கப்பட்டன. இன்று சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. 17 நீர்த்தேக்கங்களில் அந்த நீர் சேர்கிறது.

இதன் பொருள், பேட்டைக்குள் ஓடும் சாதாரண வடிகாலும் குடிநீர்ப் பாதையே என்பதாகும். கழிவறை, சமையலறை நீர் தனிக் கழிவுநீர்க் குழாயில் செல்கிறது. தரையில் விழும் மழை வடிகாலில் செல்கிறது. லிட்டில் இந்தியாவின் ஓரமாக ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின் நன்னீராக மாறிய அந்த நீர்த்தேக்கத்துக்கு, 10,000 ஹெக்டர் பரப்பிலிருந்து, அதாவது நாட்டின் ஆறில் ஒரு பங்கிலிருந்து, மழைநீர் வருகிறது. எனவே உணவுக்கடையின் பின்புறம் வடிகாலில் எண்ணெய் ஊற்றப்படுவதைக் கண்டால் அது புகார் செய்ய வேண்டிய செயல். வீட்டுப் பூசையில் மிஞ்சிய பூ, பழம், எலுமிச்சை ஆகியவற்றைக் கால்வாயில் விடும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். தாளில் மடித்துக் குப்பையில் சேர்ப்பதால் பக்தி குறைந்துவிடாது. காகத்துக்கும் புறாவுக்கும் சோறு வைப்பதும் 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

கட்டுமானத் தளங்களைக் கண்காணிப்பது குடியிருப்பாளர் மிக எளிதாகச் செய்யக்கூடியது. தளத்திலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் மண் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. மழை நின்ற பிறகு வடிகாலில் பால் தேநீர் நிறத்தில் நீர் ஓடினால், அந்த அளவு தாண்டப்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். நேரம் தெரியும்படி காணொளி எடுத்து, தளத்தின் பெயர்ப்பலகையும் வடிகாலின் இடமும் தெரியும் படத்தோடு ஒன்சர்விஸ் செயலி வழியாகவோ பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு நேரடியாகவோ அனுப்புங்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்து, அடுத்த மழையின்போது மீண்டும் பாருங்கள்.

முடிவு அறிவிக்கப்பட்ட பின்

திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டால் வேலை ஓய்ந்துவிட்டதாக நினைப்பது தவறு. 2021 தொடக்கத்தில், கிராஞ்சியில் உயிரினப் பல்வகைமை ஆய்வு முடியுமுன்பே ஒரு பகுதிக் காடு அழிக்கப்பட்டதைப் பொதுமக்கள் அறிந்தது, சமூக ஊடகத்தில் பரவிய வான்வழிப் படங்களால். விட்டுவைப்பதாகச் சொன்ன மரங்கள் நிற்கின்றனவா, விலங்குகள் வெளியேற வழி விட்டு ஒரு பக்கத்திலிருந்து படிப்படியாக நிலம் சுத்தம் செய்யப்படுகிறதா என்று, அறிக்கையின் கண்காணிப்புத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒத்திவைக்கப்பட்ட முடிவுகளுக்கும் கண்காணிப்பு வேண்டும். புலாவ் உபினின் செக் ஜாவா கடலோரத்தில், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புப் பணி 2002 ஜனவரியில் ஒத்திவைக்கப்பட்டது, தீவு வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாத வரையில் என்ற நிபந்தனையுடன். டோவர் காட்டின் மேற்குப் பாதியும் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அந்த மறுபரிசீலனையில் எடுத்துவைக்க வேண்டிய பறவைப் பதிவும் ஓடைப் பதிவும் இந்த ஆண்டிலேயே தொடங்கப்பட வேண்டும். குடியிருப்பாளர்கள் வீடு மாறிப் போய்விடுவார்கள் என்பதால், பதிவுகளின் நகலை ஆண்டுக்கு ஒருமுறை வசிப்போர் குழுவிடமோ சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்திடமோ ஒப்படைத்து வையுங்கள்.